அத்தியாயம் 6: பூ எடுப்பவர் கைகளில் வரும் அரிப்பும் வெடிப்பும்

சாமந்தி, செண்டுமல்லி, மல்லி, அரளி என்று எந்தப் பூந்தோட்டத்துக்குப் போனாலும் விரல் நுனி வெடித்த, புறங்கை கறுத்துத் தடித்த சிலரையாவது பார்க்கலாம். கேட்டால் "பூ எடுக்கிற கை இப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அரிப்பு தாங்காத நாளில் மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுவார்கள். இரண்டு நாளில் அடங்கும். அடுத்த பறிப்பில் மறுபடி கிளம்பும். இப்படியே சில வருடங்கள் ஓடியபின், பூவைத் தொடவே முடியாமல் வேலையை விட்டவர்கள் உண்டு.

பூ எடுக்கிற கை அப்படி இருக்க வேண்டியதில்லை. கையைக் கெடுப்பது பூவின் சாறா, தெளித்த மருந்தா, கை கழுவும் சோப்பா, போட்ட கையுறையா என்று கண்டுபிடித்து விலக்கினால் பெரும்பாலானவர்களின் கை தேறும். கண்டுபிடிக்காமல் பூசும் களிம்பு நோயை மறைத்து வைக்கும்; அவ்வளவுதான். அதனால் இந்த அத்தியாயத்தில் காரணங்களை முதலிலும் மருந்தைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

எரிச்சலா, ஒவ்வாமையா?

கையில் வரும் தோல் அழற்சி பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தோல் தேய்ந்து வருவது. விடிகாலைப் பனியில் நனைந்த செடிக்குள் மணிக்கணக்கில் கையை விட்டு எடுப்பது, காம்பைக் கிள்ளிக் கிள்ளி விரல் உராய்வது, வேலை முடிந்ததும் துணி சோப்பால் கறையைத் தேய்ப்பது, வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் துலக்குவது எல்லாம் சேர்ந்து தோலின் மேல்படலத்தைக் கரைத்துவிடும். ஓலை கலைந்த கூரையில் மழை ஒழுகுவதுபோல, படலம் கெட்ட தோலுக்குள் தண்ணீரும் சாறும் மருந்தும் தடையின்றி இறங்கும். இது யாருக்கும் வரலாம். வறட்சி, எரிச்சல், வெடிப்பு என்று ஆரம்பிக்கும். கைக்கு ஓய்வு கொடுத்தால் குறையும்.

இரண்டாவது ஒவ்வாமை. இது எல்லோருக்கும் வராது. ஒரு குறிப்பிட்ட பொருளை உடல் பகையாக அடையாளம் வைத்துக்கொண்டபின், அந்தப் பொருள் துளி பட்டாலும் அரிப்பும் சிவப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். தொட்டவுடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள் கழித்துத்தான் வரும். திங்கட்கிழமை சாமந்தி எடுத்தவருக்குப் புதன்கிழமை கை வீங்கினால், அன்று சமைத்த கத்தரிக்காயையோ கருவாட்டையோ குற்றம் சொல்வார்கள். பூ தப்பித்துக்கொள்ளும்.

"பத்து வருஷமா இதே பூவைத்தான் எடுக்கிறேன், இத்தனை நாள் ஒன்றும் ஆகலையே" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒவ்வாமை அப்படித்தான் வரும். ஒரு பொருளோடு பல வருடம் பழகியபின் திடீரென்று ஆரம்பிக்கலாம். ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பூவை விட்டு விலகியிருந்தால் தோல் ஆறும். ஆனால் அந்த உணர்திறன் உள்ளேயே இருக்கும். மேலே சொன்ன தேய்மானம் முதலில் வந்து, அது திறந்துவிட்ட வழியாக ஒவ்வாமை நுழைவதும் சகஜம். கையை வறளவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒவ்வாமைக்கும் முதல் காப்பு என்பதை மனதில் வையுங்கள்.

எந்தப் பூவில் என்ன இருக்கிறது

தமிழ்நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டிய பூ சாமந்தி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் நிலக்கோட்டைப் பக்கத்திலும் ஏராளமாகப் பயிராகும் இந்தச் செடியின் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் செஸ்குவிடெர்பீன் லாக்டோன்கள் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் இவை பேர்போனவை. இலையின் மேலுள்ள நுண்ணிய ரோமங்களிலேயே இவை தங்கியிருப்பதால், இலையைக் கசக்காமல் உரசினாலும் கையில் ஒட்டும். நுனி கிள்ளும் நாட்களில் சாறு நேராகக் கட்டைவிரல், ஆட்காட்டி விரல் நுனிகளில் படும். காய்ந்த செடியைப் பிடுங்கிப் போடும்போது தூளாகிக் காற்றில் பறந்து முகத்தில் விழும். பாலிஹவுஸில் வளர்க்கும் ஜெர்பரா இதே குடும்பம். செண்டுமல்லியும் அதே குடும்பம்தான். அதில் தொல்லை பொதுவாகச் சாமந்தியை விடக் குறைவு. வராது என்று சொல்ல முடியாது.

பார்த்தீனியமும் இந்தக் குடும்பத்துச் செடியே. 1950-களில் புனே பக்கம் தென்பட்டு, பிறகு நாடு முழுவதும் பரவிய இந்தக் களையில் பார்த்தீனின் என்ற அதே வகைப் பொருள் இருக்கிறது. நம் நாட்டில் செடியால் வரும் தோல் ஒவ்வாமைக்கு முதல் காரணம் இதுதான். வரப்பில் வளர்ந்த பார்த்தீனியத்தால் ஒவ்வாமை பிடித்தவருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சாமந்தியால் பிடித்தவருக்குப் பார்த்தீனியம் ஆகாமல் போகலாம். ஆகவே சாமந்தி எடுப்பதை நிறுத்தியும் அரிப்பு அடங்கவில்லை என்றால், தோட்டத்து வரப்பையும் வீட்டுக்குப் போகும் பாதையோரத்தையும் பாருங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். ஏற்கெனவே அரிப்பு உள்ளவரை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையில் வெட்டோ கீறலோ பட்டால் வரப்பிலிருக்கும் வெட்டுக்காயப் பூண்டின் இலையைக் கசக்கிப் பிழிந்துவிடுவது கிராமத்துப் பழக்கம். அதுவும் சாமந்திக் குடும்பத்துச் செடி. கரிசலாங்கண்ணியும் அப்படியே. சாமந்தி ஒவ்வாமை உள்ளவர் இவற்றைத் தோலில் பூச வேண்டாம்.

மல்லியின் கதை வேறு. பூவோ இலையோ பறிப்பவரின் தோலில் ஒவ்வாமை கிளப்புவது அரிது. மல்லித் தோட்டத்தில் கை கெட்டால் முதலில் மருந்தைத்தான் சந்தேகப்படுவேன். மொட்டுப்புழுவுக்கும் சிலந்திப்பேனுக்கும் மாறி மாறித் தெளிக்கிறார்கள். மொட்டையோ நாள்தோறும் எடுத்தாக வேண்டும். மாலையில் தெளித்த செடிக்குள் மறுநாள் விடிவதற்கு முன் கை போகிறது. பனியில் கரைந்த மருந்து விரலிலும், பூவைச் சேர்க்கும் மடித்துணி வழியாக வயிற்றிலும் தொடையிலும் ஊறுகிறது. இடுப்புக்குக் கீழே சிவந்து அரிக்கும் பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துக்கொள்கிறார்கள். மடித்துணிக்கு உட்புறம் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துத் தைத்துக்கொண்டாலே இந்தத் தொல்லை பாதி குறையும். கூடையில் சேர்த்தால் இன்னும் நல்லது.

அரளியில் வடியும் பால் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். அது விழுங்கினால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அரளி எடுத்த கையைக் கழுவாமல் வெற்றிலையைத் தொடாதீர்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டாதீர்கள். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவில் ஆபத்து முள்தான். முள் குத்திய இடத்தில் ஆறாத கட்டி வந்து, அதிலிருந்து முழங்கையை நோக்கி வரிசையாகச் சிறு கட்டிகள் ஏறினால் அது ஒவ்வாமை இல்லை. ஸ்போரோதிரிக்ஸ் என்ற பூஞ்சையின் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் தரும் மாத்திரையால் குணமாகும், களிம்புக்கு மசியாது. முள் குத்துக்கு டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாலிஹவுஸில் இரவு கந்தகத்தை ஆவியாக்கினால், காலையில் பக்கவாட்டுத் திரைகளைத் திறந்து காற்றை வெளியேற்றிய பிறகே ஆட்கள் உள்ளே போக வேண்டும்.

கொய்மலர்த் தோட்டங்களில் ஆல்ஸ்ட்ரோமீரியா கையாள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெதர்லாந்தில் துலிப் கிழங்கைப் பிரித்தெடுப்பவர்களின் விரல் நுனியில் வரும் வெடிப்புக்குக் காரணமான துலிபாலின் என்ற பொருள் இந்தச் செடியிலும் இருக்கிறது. இலையை உருவிக் கட்டுக் கட்டும்போது கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் தடித்து வெடிக்கும். மெல்லிய வினைல் கையுறையை இது ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறைதான் தாங்கும்.

தெளிக்கும் மருந்து

பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து, பச்சையும் நீலமும் என்றால் கையால் கலக்கலாம் என்று நினைப்பவர்கள் பலர். அந்த நிறம் சொல்வது, உடலுக்குள் போனால் எவ்வளவு சீக்கிரம் உயிருக்கு ஆபத்து என்பதை மட்டுமே. தோல் ஒவ்வாமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இலைப்புள்ளி நோய்க்குத் தெளிக்கும் மான்கோசெப், குளோரோதலோனில் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் தோல் ஒவ்வாமை தரக்கூடியவை.

அதிகம் படுவது தெளிக்கும்போது அல்ல, கலக்கும்போதுதான். தூளை அளக்கும்போதும் புட்டியைக் கவிழ்க்கும்போதும் கையில் படுவது தண்ணீர் சேராத முழு வீரியமுள்ள மருந்து. குச்சியால் கலக்குங்கள். அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதாதீர்கள், விரலால் நோண்டாதீர்கள். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். ஒழுகும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டினால் முதுகும் இடுப்பும் நனையும். அன்றைய பறிப்பு முழுவதும் முடிந்தபின் தெளித்து, லேபிளில் போட்டிருக்கும் இடைவெளி கழிந்த பிறகே அடுத்த பறிப்புக்கு ஆளை இறக்குங்கள். அந்த இடைவெளி விடமுடியாத மருந்தை, நாள்தோறும் எடுக்கும் பூவுக்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

தோலில் அரிப்போடு தலைசுற்றல், குமட்டல், வாயில் எச்சில் ஊறுதல், அதிக வியர்வை, கண்பாவை சுருங்குதல் ஏதாவது வந்தால் அது ஒவ்வாமை அல்ல, நஞ்சேறியிருக்கிறது. துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108-ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

எந்த இடத்தில் வந்திருக்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். பறிக்கும் கையின் முதல் மூன்று விரல் நுனிகளில் மட்டும் இருந்தால் காம்பின் சாறு. இரண்டு புறங்கைகளிலும் விரலிடுக்கிலும் மோதிரத்தின் அடியிலும் இருந்தால் சோப்பும் ஈரமும். மணிக்கட்டில் கோடு போட்டதுபோல நின்றிருந்தால் கையுறை. கண்ணிமை, கழுத்து, காதின் பின்புறம், முழங்கை மடிப்பு இங்கெல்லாம் கறுத்துத் தடித்தால் காற்றில் வரும் சாமந்தித் தூளோ பார்த்தீனியமோ. வெயிலால் வரும் நோய் கண்ணிமையையும் தாடையின் அடியையும் காதின் பின்பக்கத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். தூளால் வருவது அங்கேயும் நுழையும்.

இரவில் தலைவிளக்கு மாட்டி மல்லி எடுப்பவருக்குக் கழுத்திலோ கையிலோ கோடு இழுத்ததுபோல் திடீரென்று எரிச்சலும் கொப்புளமும் வந்தால், விளக்குக்கு வந்த பூச்சியை நசுக்கியிருக்கலாம். பீடரஸ் என்ற சிறு வண்டின் உடல் நீர் அப்படிச் சுடும். வண்டு மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள், அடிக்காதீர்கள். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் இரவில் அதிகமாக அரித்தால் அது சிரங்கு. வட்டமாக ஓரம் உயர்ந்து படர்ந்தால் படர்தாமரை. ஓரிடத்தில் நிறம் வெளுத்து அரிப்பே இல்லாமல் மரத்துப்போனால், தாமதிக்காமல் தொழுநோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வாமையும் எரிச்சலும் தொற்றுநோய் அல்ல. கை வெடித்தவர் கட்டிய மாலையை வாங்கத் தயங்குவதும், அவருக்குத் தனித் தட்டு வைப்பதும் தவறு.

ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்று எடுத்த பூ, தெளித்த மருந்து, அரிப்பின் அளவு ஆகியவற்றை ஒரு மாதம் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தரலாம். மருத்துவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது.

கையுறை, சட்டை, சோப்பு

சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. மிக நல்ல பழக்கம். ஆனால் அந்தச் சட்டையை மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டிவிட்டு மறுநாள் அதையே போட்டுக்கொண்டால், நேற்றைய சாறும் மருந்தும் மறுபடி உடம்பில் ஏறும். தினமும் துவைக்க வேண்டும்; வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

கையுறை போட்டால் பூ எடுக்கும் வேகம் குறையும் என்பது உண்மை. கிலோவுக்குக் கூலி வாங்குபவரிடம் அதை வெறும் அறிவுரையாகச் சொல்லிப் பயனில்லை. மெல்லிய நைட்ரைல் கையுறையில் காம்பைக் கிள்ளும் உணர்வு கெடாது. சில நாளில் கை பழகிவிடும். முழுக் கையுறை ஒத்துவராதவர்கள் நைட்ரைல் கையுறையின் விரல்களை மட்டும் வெட்டி, கிள்ளும் மூன்று விரல்களில் போட்டுக்கொள்ளலாம். கிழிந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். சாறு உள்ளே புகுந்து வியர்வையோடு தோலிலேயே ஊறும். உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, ஈரமானதும் மாற்றுங்கள். மருந்து கலக்க முழங்கை வரை வரும் தடித்த நைட்ரைல் கையுறை தனியாக இருக்கட்டும்.

ரப்பர் கையுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் வகைப் பொருள்களே பலருக்கு ஒவ்வாமை தருகின்றன. விதையையும் கிழங்கையும் நேர்த்தி செய்யும் தைரம் மருந்தும் அதே வகை. தைரத்தால் கை கெட்டவர் அதைத் தடுக்க ரப்பர் கையுறை போட்டு இன்னும் கெடுத்துக்கொள்வது நடக்கக்கூடியது. சில நைட்ரைல் கையுறைகளிலும் இத்தகைய பொருள்கள் உண்டு என்பதால், கையுறை மாற்றியும் மணிக்கட்டு அரித்தால் மருத்துவரிடம் அந்தக் கையுறையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் சாதாரணத் தண்ணீரில் குளியல் சோப்பால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, ஈரம் முழுக்கக் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். கறை போக எலுமிச்சம்பழத்தைத் தேய்க்காதீர்கள்: அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்பட்டதுபோல் கொப்பளித்து, மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கும். துணி சோப்பு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், தண்ணீர் கலக்காத கிருமிநாசினி எதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

இரண்டு வாரத்தில் குறையாத அரிப்பு, நீர் வடிதல், சீழ், முகத்தில் வீக்கம் இவற்றுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். ஒவ்வாமையா என்று அறிய அவர்கள் செய்யக்கூடியது ஒட்டுப் பரிசோதனை. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி நான்காம் நாள் வாக்கில் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்க வியர்க்க வேலை செய்யக் கூடாது. ஆகவே பறிப்பு குறைந்த வாரமாகப் பார்த்து நாள் கேளுங்கள். தோட்டத்துச் செடியின் பூவும் இலையும் கொண்ட ஒரு கொத்தையும், மருந்துகளின் லேபிளையும் எடுத்துப் போங்கள். வீட்டில் நீங்களே பூச்சிமருந்தைத் தோலில் வைத்துச் சோதிக்காதீர்கள்.

சில இடங்களில் அலர்ஜிக்கு என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். தொட்டால் வரும் இந்த ஒவ்வாமை, ஐஜிஇ அளக்கும் அந்த ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அந்தப் பணத்தைக் கையுறைக்குச் செலவிடுங்கள்.

அழற்சியை அடக்க மருத்துவர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தருவார்கள். சரியாகப் பூசினால் அது நல்ல மருந்து, பயப்பட வேண்டாம். பெரியவரின் ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு, ஒரு கையின் முன்புறமும் பின்புறமும் பூசப் போதும். எத்தனை நாள் என்று சொன்னாரோ அத்தனை நாள். கைக்குக் கொடுத்ததை முகத்தில் பூசாதீர்கள். சீட்டில்லாமல் கடையில் கிடைக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்புகளைத் தொடவே வேண்டாம். படர்தாமரையை அவை மறைத்துப் பரப்பும். அவற்றில் பலவற்றில் சேரும் நியோமைசினே ஒவ்வாமை தரும் பொருள். புண்ணுக்குப் போடும் நைட்ரோஃப்யூரசோனும் அப்படியே. நீர் வடியும் நாட்களில், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியைப் பத்து, பதினைந்து நிமிடம் சுற்றி வைப்பது எரிச்சலைத் தணிக்கும்.

கை பார்வைக்கு ஆறியபின்னும் தோலின் உள்வலு திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை எண்ணெயும் கையுறையும் நிற்கக் கூடாது. ஆறிவிட்டதே என்று உடனே பழையபடி இறங்குவதால்தான் பெரும்பாலும் நோய் திரும்புகிறது.

தோட்டக்காரர்களுக்கு

பூச்சிமருந்தைக் கையாளுபவருக்குத் தக்க பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் இருக்கிறது. வேலையாள் கேட்டுத்தான் தர வேண்டும் என்றில்லை. தோட்டத்து மூலையில் ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒரு கட்டி குளியல் சோப்பு, ஒரு புட்டி தேங்காய் எண்ணெய், ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு முறை மருந்தடிக்கும் செலவை விடப் பெரிதாக இருக்காது. கையுறை போட்டு எடுக்கப் பழகும் முதல் சில நாட்களில் எடை குறைந்தால் கூலியைக் குறைக்காதீர்கள்.

சாமந்தி ஒவ்வாமை என்று தெரிந்த ஒருவரைக் களிம்பு பூசிக்கொண்டு அதே பூவை எடுக்கச் சொல்வது அவர் தோலை நிரந்தரமாகக் கெடுக்கும். அவரை வேலையை விட்டு நிறுத்துவது அவர் வீட்டு அடுப்பை அணைக்கும். இரண்டும் தேவையில்லை. உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ மல்லியும் சம்பங்கியும் கனகாம்பரமும் இருக்கின்றன. அவை சாமந்திக் குடும்பம் அல்ல. மருந்து அளவோடு தெளிக்கப்படும் அந்த வரிசைகளுக்கு அவரை மாற்றி விடுங்கள்.